இரவாடிப் புலிவண்டின் முன்னங்கால்கள்

அந்துருண்டை நெடியன்றி வேறெதுவும் நுழையாத, ஊசி குத்திய வண்டுகளை அடுக்கிய வண்டறையில் அன்றிரவு ஈரமணல் வாசம் வீசியது. சன்னல்கள் சாத்தியிருந்தன, சுவரில் கசிவில்லை, ஆயினும் ஆற்றங்கரையில் அப்போதுதான் தோண்டிய குழியின் குளிர்ந்த மூச்சு, அலமாரிகளின் இடுக்குகளினின்று ஊறிவந்து, வண்டுகளை இனம் பிரித்துப் பெயரிடும் வகைப்பாட்டாளரின் பிடரியைத் தடவிற்று.

தொலைபேசி ஒலித்தது. தம்பியின் மனைவி, அவளும் வண்டாய்வாளரே.

“அத்தான், நாளைக்குக் காலையில வரேன். அவரோட வண்டை நானே ஒரு தடவை பாத்துடணும்.”

“எந்தப் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தாலும் போன கால் முளைச்சு வராதும்மா.”



“கால் போச்சுன்னு யாரு சொன்னா? கால்ல முடி இல்லைன்னுதானே நீங்க எழுதினீங்க?”

இணைப்பு அறுந்தது.

இரவில் வேட்டையாடும் புலிவண்டுகளில் தம்பி புதியதொரு பேரினத்தைக் கண்டிருந்தான். ஆண்வண்டின் முன்னங்கால்களில் அடர்ந்த மயிர்க்கற்றையே அதற்கு அடையாளம். கைவசமிருந்ததோ ஒரே வண்டு. தலை நரைத்தும் தம் பெயரில் ஒரு பேரினம் வாய்க்காத அண்ணன், அக்கால்களை இடுக்கியால் கிள்ளி எறிந்தார். கற்றையே இல்லையென்றும் புதுப்பெயர் செல்லாதென்றும் எழுதினார். இன்னொரு வண்டு தேடிப் போன தம்பிமேல் ஆற்றங்கரை சரிந்தது. மணல் அவனைத் திருப்பித் தரவில்லை.

விடியுமுன் வண்டை அழித்தாக வேண்டும். இழுப்பறையை இழுத்தார்.

வண்டைக் குத்திவைத்த ஊசி நின்றது. வண்டு இல்லை.

விளக்கு அணைந்தது. எங்கோ கீழே, மரத்தை எதுவோ கறுக்மொறுக்கென்று கடிக்கும் ஓசை.

கைவிளக்கை அடித்தார். பலகைத் தரையெங்கும் வட்டத் துளைகள். ஒவ்வொன்றையும் மூடிபோல் அடைத்துக்கொண்டு ஒரு தட்டைத் தலை. புலிவண்டின் புழுக்கள் அப்படித்தான் குழிக்குள் காத்திருக்கும், இரை அருகே வரும்வரை.

கதவை நோக்கி ஓரடி வைத்தார். தலைகள் யாவும் அவர் பக்கம் திரும்பின.

இன்னும் ஓரடி.

கணுக்கால்கள் இரண்டையும் எதுவோ பற்றியது. தாடையன்று. விரல்கள். ஈரமான விரல்கள்.

தெய்வத்தை அழைக்க வாயெடுத்தார்.

கைவிளக்கு நழுவி உருண்டது. அதன் ஒளி நின்ற இடத்தில், எல்லாத் துளைகளிலும் பெரிய துளையொன்றை அடைத்தபடி, மணல் அப்பிய தம்பியின் முகம் தரைமட்டமாய் மேல்நோக்கிக் கிடந்தது. அதன் வாய், மேலும் கீழுமாய் அன்று, வண்டின் தாடைபோல் பக்கவாட்டில், மெல்லத் திறந்தது.