சுழியத்துக்கு இரண்டு பேர்

பாளையங்கோட்டையில் அப்போதெல்லாம் காதல்மானி எண் போடாமல் யாரும் கல்யாணப் பத்திரிகை அடிப்பதில்லை. கருவியின் இரு பக்கமும் இருவர் கட்டைவிரல் வைத்தால் போதும். நாற்பதுக்கு மேல் காட்டினால் காதல், கீழே என்றால் வெறும் சிநேகம். ஊர் வாயை அடைக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் எந்தக் கருவிக்கும் ஒரு சுழியம் வேண்டுமே. அதற்காகக் கம்பெனி பிடித்துப்போட்ட ஊழியர்கள்தான் நம்பியும் வடிவும். கடைசி வடைக்கு அடித்துக்கொள்ளும் சுத்தமான சிநேகிதர்கள். திங்கட்கிழமைதோறும் இருவரும் விரல் வைப்பார்கள். அவர்களுக்கிடையே இருப்பது எதுவோ, அதையே சுழியமாக எடுத்துக்கொண்டு, ஊரில் எல்லோருக்கும் அந்த அளவைக் கழித்துக் காட்டும் கருவி.

ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. நம்பிக்கு வடிவின்மேல் ஆசை வந்து வெகுநாளாயிற்று. திங்கள்தோறும் சொல்லிவிட வாயைத் திறப்பான், கருவி சுழியம் காட்டும், மூடிக்கொள்வான். மடையன், அவர்களுக்கு அது வேறென்ன காட்டும்? இப்போது வடிவுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும்.

வரவர ஊரில் நாற்பதைத் தாண்டுகிறவர்களே அரிதாகிவிட்டார்கள். வியாழனன்று ஒரு தம்பதி புகாரோடு வந்தார்கள். கல்யாணத்தன்று தொண்ணூறு, இப்போது ஒன்பதாம். ஆறு வருஷம் ஆனால் அப்படித்தான் என்று மேனேஜர் சமாதானம் சொல்லி அனுப்பினார். வாசலில் அந்த மனுஷர் குனிந்து மனைவியின் செருப்பு வாரை மாட்டிவிடுவதை வடிவு பார்த்துவிட்டாள். இவர்களுக்கா ஒன்பது? கருவியின் பழைய பதிவுகளைத் திறந்து படித்தாள். பிறகு நம்பியைக் கூப்பிட்டாள். அவன் வழக்கம்போல் வடையோடு வந்தான்.

"ஏல, கருவி எல்லாருக்கும் எண்பத்தொண்ணு கழிக்கு."

"யாரால?"

"நம்மாலதான். நீ வடையப் பிச்சு பெரிய பாதிய எனக்குத் தர ஆரம்பிச்ச வருசத்துல இருந்து ஏறிக்கிட்டே வருது."

நம்பிக்குக் காது சிவந்தது. ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்ததாக இழுத்தான்.

"இனிமே என்னத்தச் சொல்ல? திங்கக்கிழமதோறும் ரெண்டு பேரும் சொல்லிக்கிட்டுத்தான இருந்திருக்கோம்."

பெரிய பாதியை வாங்கித் தின்றாள். மாற்றல் உத்தரவில் கையைத் துடைத்துக்கொண்டாள். நம்பி சந்தோஷம் தாங்காமல் சிரித்தான்.

புதிய சுழியத்துக்குக் கம்பெனி விளம்பரம் செய்தது. சிநேகிதர்கள் ஜோடி ஜோடியாக வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். விரல் வைக்காமலே எழுந்து போனார்கள், சேர்ந்துதான்.

சுழியம் இல்லாத கருவி எதையும் அளக்காது. நம்பி, வடிவு கல்யாணப் பத்திரிகையில் எண் இருக்கவேண்டிய இடம் காலியாகவே அச்சானது. ஊர் சும்மா இருக்குமா? அடுத்த முகூர்த்தத்துக்கு வந்த அத்தனை பத்திரிகையிலும் அந்த இடம் காலி.