வாலில் உட்கார்ந்த விமானம்

மழை விட்டிருக்கும் என்று நினைத்து அவள் கடையை விட்டு வெளியே வந்தாள். மழை விடவில்லையே என்று அவன் கடைக்குள் திரும்பி ஓடி வந்தான். வாசல் ஒன்றுதான். அப்புறம் என்ன... தலையும் தலையும் முட்டிக்கொண்டன. இருவர் கையிலும் இருந்த அட்டைப்பெட்டிகள் எகிறி விழுந்து வாயைப் பிளந்தன.

பழைய சாமான்கள் விற்கும் கடை அது. அந்தக் காலத்துப் போர் ஜெட் ஒன்றின் பிளாஸ்டிக் மாதிரி வடிவம், இன்னும் யாரும் ஒட்டிச் சேர்க்காமல், பெட்டியோடு இரண்டு கிடந்தன. ஒன்றை அவன் வாங்கியிருந்தான், மற்றதை அவள். இப்போது சிறகும் சக்கரமும் வாலுமாக வாசற்படி முழுக்கச் சாம்பல் நிறத் துண்டுகள்.

"கண்ணாடி போட்டும் கண்ணு தெரியலையா?" நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"மழையில கண்ணாடிக்கு வைப்பர் இல்லீங்க..."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். முட்டியவனிடம் உடனே சிரித்துவிட்டால் மரியாதை என்ன ஆவது? தெருமுனைக் கண்ணாடிக் கடையில்தான் தான் வேலை பார்ப்பதாகவும், வந்தால் பவர் சரியாக இருக்கிறதா என்று சோதித்து அனுப்புவதாகவும் மிடுக்காகச் சொன்னாள். அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள்.

நாளெல்லாம் கண்களைப் பார்ப்பதே அவளுக்குப் பிழைப்பு. கறுப்பு, பழுப்பு, பூனைக்கண், தூக்கம் கெட்ட கண்... எத்தனை பார்த்திருப்பாள்! இதில் என்ன புதுசு? ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால், கையில் எடுத்த சக்கரத்தை ஏன் மறுபடி கீழே போட்டாள்? அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

இருவரும் குந்தி உட்கார்ந்து, அகப்பட்டதை அகப்பட்ட பெட்டியில் போட்டு அள்ளிக்கொண்டு பிரிந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். அப்பாவுக்குத் தெரியக்கூடாது. அவர் பிறந்தநாளுக்கான பரிசல்லவா! இந்த ரக ஜெட்டின் சக்கரங்களைக் கழற்றி மாட்டியே வேலைக்காலம் முழுவதையும் கழித்த மெக்கானிக் அவர். மேசைமேல் வைத்து அவரை அசத்திவிட வேண்டும் என்பது மகளின் திட்டம்.

விமானத்தின் உடம்பு நீளவாக்கில் இரண்டு பாதியாக இருக்கும். இடதையும் வலதையும் சேர்த்து ஒட்ட வேண்டும். அவள் பெட்டியில் இருந்த இரண்டுமே இடது. சிறகும் அப்படியே. அப்படியானால் அவனிடம் இருப்பதெல்லாம் வலது... தலைகீழாக நின்றாலும் இருவருக்கும் விமானம் கிடையாது. நியாயமாகக் கோபம் வர வேண்டும். அவளுக்கோ சந்தோஷமாக இருந்தது. காசைக் கொட்டி அரை விமானம் வாங்கியவளுக்கு என்ன சந்தோஷம் வேண்டிக்கிடக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் கண்ணாடிக் கடையில் பெட்டியும் கையுமாக வந்து நின்றான். வந்தது எதற்கென்று சொல்லாமல், சோதனை நாற்காலியில் போய் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டான். சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே... அளவுகோலை எடுத்து அவன் கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்தாள். எழுதப் போவதற்குள் மறந்துவிட்டது. மறுபடி அளந்தாள். மறுபடியும் மறந்தது.

"அவ்வளவு மோசமாங்க என் கண்ணு?"

"பேசாம நேராப் பாருங்க."

"நேராப் பார்த்தா நீங்கதான் தெரியிறீங்க..."

குறும்பா, வெகுளியா? முகத்தைப் பார்த்தால் பால் குடிக்கத் தெரியாத பூனை. அன்று முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அவளுக்கு விடை கிடைக்கவில்லை.

கடைகளில் உள்ள தராசுகளைப் பழுது பார்த்து எடை சரிபார்ப்பதுதான் தன் தொழில் என்று அவன் சொன்னான். விமானி ஆக ஆசைப்பட்டவனாம். பள்ளிக்கூடத்திலேயே கண்ணாடி வந்து மூக்கில் உட்கார்ந்துவிட்டதாம். அவள் மனதுக்குள் அவனுக்கு அப்போதே பெயர் வைத்துவிட்டாள்... தராசு.

இரண்டு பெட்டியையும் கவிழ்த்துப் பிரித்தபோது இன்னொரு சிக்கல் தெரிந்தது. விமானியின் இருக்கையை மூடும் கண்ணாடிக்கூண்டு ஒன்று விழுந்ததில் விரிசல் விட்டிருந்தது. ஆக, உருப்படியாக ஒரு விமானம்தான் தேறும். யாருக்கு? அப்பாவுக்காக வாங்கியது என்று அவள் சொன்னதுதான் தாமதம், அதையே முதலில் கட்டிவிடலாம் என்றான். அவனுக்கு வேண்டாமா என்று அவள் கேட்டதற்கு, "எனக்குக் கட்டுறதுலதாங்க சந்தோஷம். முடிஞ்சதும் வச்சுப் பார்க்கிறதுல என்ன இருக்கு?" என்றான்.

தினம் சாயங்காலம் கடை மூடியதும் அவனது பட்டறைக்குப் போனாள். முன்னறையில் அவனுடைய அக்கா கணக்குப் பார்ப்பாள். உள்ளே நீளமேசையில் தட்டுத் தட்டாகத் தராசுகள், நடுவே விமானம். அவன் அரத்தால் பிசிறு நீக்குவான், அவள் உப்புத்தாளால் தேய்ப்பாள். மூக்குக் கண்ணாடியின் குட்டித் திருகாணிகளோடு பழகிய விரல்கள் அவளுடையவை. கடுகளவு உதிரியையும் இடுக்கியால் பிடித்து வைத்துவிடுவாள். அதைப் பார்த்து அவன் பாராட்டுவான் என்று எதிர்பார்ப்பாள். அவனோ இடித்த புளி மாதிரி இருப்பான். "இவன் வாயைத் திறக்கணும்னா ஸ்பேனர் வேணும்" என்று அக்கா சொன்னது சரிதான்.

உடம்பின் இரு பாதிகளையும் சேர்க்கும் நாள் வந்தது. சொல்லி வைத்தாற்போல் மழையும் வந்தது. அவள் கூந்தல் நுனி சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தபோது, அவன் ஒரு சின்ன ஈயத்துண்டை வெட்டி நிறுத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். பார்த்தபடியே இருந்தான். ஈயத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டுத் துடைக்கத் துண்டு தேடி எடுத்து வந்தான். தொழில்காரன், எதையாவது நிறுத்துக்கொண்டே இருப்பான் என்று அவளும் எதற்கென்று கேட்கவில்லை.

அவன் விளிம்பில் பசை தடவினான். பசை இறுகும்வரை யாராவது அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அவள் பிடித்தாள். நழுவுகிறதென்று அவனும் பிடித்தான். வெளியே மழை கொட்டியது... உள்ளே நான்கு கைகளும் ஒரு விமானமும். பசை எப்போதோ இறுகிவிட்டது என்று இருவருக்குமே தெரியும். யாரும் முதலில் கையை எடுக்கவில்லை.

இவ்வளவு நடந்த பிறகு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? சொல்லவில்லை. சாம்பல் வண்ணம் அடித்தார்கள், தண்ணீரில் ஊறவைத்த ஒட்டுப்படங்களைச் சிறகில் நகர்த்தி ஒட்டினார்கள். கடைசியாக விமானத்தை மல்லாக்கப் போட்டு அவன் சக்கரங்களை ஒட்டினான். மல்லாந்த நிலையிலேயே பஞ்சு சுற்றிப் பெட்டிக்குள் வைத்தான். நாளைக்குத்தான் நிமிர்த்த வேண்டும் என்று சொல்லி மூடியைப் போட்டான்.

"இனிமே நீங்க இவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. கட்டுவதில்தான் சந்தோஷம், முடிந்ததை வைத்துப் பார்ப்பதில் ஒன்றுமில்லை... அப்படியானால் நானும் முடிந்துபோன வேலையா?

"ஆமா, எனக்கும் கடையில வேலை தலைக்கு மேல கிடக்குது" என்றாள். வீம்புக்கு யார் குறைச்சல்? பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தெரு திரும்பியதும் கண் கலங்கியது. எதற்கு அழுகிறோம், அவன் என்ன சொன்னான், என்ன சொல்லவில்லை... ஒன்றும் பிடிபடவில்லை. அவனைப் பிடித்திருக்கிறது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்?

பிறந்தநாள் காலையில் அப்பா பெட்டியைத் திறந்தார். இரண்டு கையாலும் விமானத்தைத் தூக்கினார். சக்கரங்களைத் தடவினார். மேசையில் நிமிர்த்தி வைத்தார்.

விமானம் சட்டென்று மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்தது.

மறுபடி வைத்தார். மறுபடியும் உட்கார்ந்தது. அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பாப்பா, இது வால் கனமான ஜாதி. மாதிரி கட்டும்போது உடம்பை மூடுறதுக்கு முன்னாடி மூக்குக்குள்ள ஈயம் வைக்கணும். எவன் ஒட்டினான் இதை?"

தராசு ரிப்பேர் செய்கிறவர் என்று மென்று விழுங்கினாள்.

"எடையைச் சரிபார்க்கிறவனா எடையை மறந்தான்? யானைக்கும் அடி சறுக்கும்தான்... ஆனா அந்த நேரத்துல அவன் புத்தி எங்க போச்சு?"

அவளுக்குக் காது வரை சூடு ஏறியது. மழை... சொட்டும் கூந்தல்... மேசையில் கிடந்த ஈயத்துண்டு. அப்பா மகள் முகத்தைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார். மெதுவாகப் பெட்டிக்குள் வைத்து அவள் கையில் கொடுத்தார்.

"போய்ச் சரி பண்ணி வாங்கிட்டு வா. வரும்போது ஒட்டினவனையும் கூட்டிட்டு வா. நான் பார்க்கணும்."

பட்டறையில் அவன் தனியாக இருந்தான். அவள் விமானத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அது வழக்கம்போல் வாலில் உட்கார்ந்தது.

"தராசுக்காரருக்கு எடை மறந்துபோச்சா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமா... அன்னிக்கு நீங்க நனைஞ்சு வந்து நின்னீங்க. எல்லாம் மறந்துபோச்சு. நீங்க போனதுக்கு அப்புறம் பார்த்தா, ஈயம் மேசையிலேயே கிடக்குது."

"அப்போ அன்னிக்கே தெரியும். ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா உடனே சரி பண்ணியிருப்பேன். எல்லாம் சரியா முடிஞ்சிருந்தா... நீங்க எதுக்குத் திரும்பி வருவீங்க?"

வர வேண்டாம் என்று சொன்னதே அவன்தானே என்று அவள் கேட்டாள். அலைய வேண்டாம் என்றுதான் சொன்னானாம். 'இல்லை, வருவேன்' என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தானாம். அவளோ கடையில் வேலை என்றுவிட்டாளாம்.

அவன் சட்டைப்பையில் விரலை விட்டு அந்த ஈயத்துண்டை எடுத்தான். அவள் உள்ளங்கையில் வைத்தான். அவன் நெஞ்சுச்சூட்டில் அது கதகதப்பாக இருந்தது.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. முட்டின அன்னிக்கே பிடிச்சுப்போச்சு. சொல்லத்தான் தெரியல."

"எனக்கும்தான்..." என்றாள். இத்தனை நாள் குழம்பித் தவித்ததெல்லாம் இந்த ஒரு சொல்லுக்குத்தானா என்று அவளுக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒளித்துக்கொள்ள விமானத்தின் பக்கம் குனிந்தாள்.

"அப்பா உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னார். இதைச் சரி பண்ண ரொம்ப நாளாகுமா?"

"சேச்சே, மூக்குல சின்னதா ஓட்டை போட்டு ஈயத்தைத் தள்ளினா அஞ்சு நிமிஷ வேலை..."

அவள் நிமிர்ந்து முறைத்தாள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இல்ல... பிரிச்சுத்தான் ஒட்டணும். நாளாகும். இன்னொரு விமானம் வேற பாக்கி இருக்குது..."

"அவசரமில்ல" என்றாள்.