மூன்றாம் மெஷினின் மூச்சு

காலியாகப் பூட்டிக் கிடந்த மூன்றாம் மெஷின் மூச்சு விடுவதாகக் காலை ரிப்போர்ட் சொன்னது.

அவள் அந்தக் கோழிக்குஞ்சு பொரிப்பகத்தின் மேனேஜர். அங்கே மெஷின் என்றால் ஓர் அறையளவு இருக்கும். ஆளே உள்ளே போய் முட்டைத் தட்டுகளை அடுக்கலாம். ஓட்டுக்குள் வளரும் கருவும் சுவாசிக்கும். அது விடும் காற்றை உள்ளே பொருத்திய கருவி அளந்து கணினிக்கு அனுப்பும். வெப்பம், ஈரம், மின்சாரம் எல்லாவற்றோடும் சேர்ந்து அது ரிப்போர்ட்டாகத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். முன்பெல்லாம் முதலாளியே நேரில் வந்து, கதவைத் திறந்து மோந்து பார்த்து, "சரியா வேகுது" என்று சிரித்துவிட்டுப் போவார். சிஸ்டம் வந்தபிறகு அவர் வருவதில்லை. எந்த மெஷினுக்கு சர்வீஸ், யாருக்குச் சம்பள உயர்வு, யாரை வீட்டுக்கு அனுப்புவது, எல்லாம் திரையைப் பார்த்தே முடிவாகிவிடுகிறது.

மூன்றாம் மெஷினை அவளே கிட்ட நின்று கழுவவைத்து, மின்சாரத்தை நிறுத்திப் பூட்டியிருந்தாள். தனி லைனில் ஓடும் கருவி மட்டும்தான் உள்ளே விழித்திருந்தது.

"கருவி கெட்டிருக்கும்க்கா. மாத்திடுறேன்" என்றான் டெக்னீஷியன். அவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

புதுக் கருவி மாட்டினான். மறுநாள் மூச்சு இன்னும் கூடியிருந்தது.

தலைமை அலுவலகத்தில் ரிப்போர்ட்டுகளைப் பார்க்கும் அதிகாரியிடமிருந்து போன் வந்தது. அவருக்கு இங்கே எல்லோரும் வைத்த பேர் ரிப்போர்ட்டு சார்.

"இந்த வாரம் மூணாம் மெஷின்தாம்மா டாப்பு. ஒரு கருகூட சாகல போல."

"சார், அது காலியா இருக்கு."

"காலின்னு நீங்க சொல்றீங்க. நிறைஞ்சிருக்குன்னு சிஸ்டம் சொல்லுது. மேலிடத்துல நான் எதைக் காட்டுறது?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெளி ஆளோட முட்டையைத் திருட்டுத்தனமா உள்ள வெச்சுப் பொரிக்கிறாங்களான்னு பாருங்க. வேலியே பயிரை மேயுற காலம்."

போனை வைத்தபிறகும் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. மெஷினின் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது? தம்பியிடம். போன மாதம் புது பைக் எடுத்தது யார்? ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவனை இப்படி நினைக்கிறோமே என்று ஒருபக்கம் கூசியது. இன்னொரு பக்கம், அவன் கைகழுவப் போனால்கூடக் கண் அவன் பின்னாலேயே போனது. ஒருமுறை மூன்றாம் மெஷினின் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"என்னடா?"

"சும்மாதான்க்கா."

அவன் போனதும் அவளும் கிட்டப் போனாள். மற்ற மெஷின்களின் விசிறி இரைச்சல் தரை வழியாகக் காலில் அதிர, மருந்து நெடியும் முட்டை ஓட்டின் சுண்ணாம்பு வாசனையும் எப்போதும்போல் மூக்கில் ஏற, அந்தக் கதவின் ரப்பர் விளிம்பிலிருந்து மட்டும் வேறொரு வாசனை கசிந்தது: ஜன்னலைச் சாத்திக்கொண்டு யாரோ வெகுநேரம் தூங்கிய அறையின் புழுங்கல் வாசனை. கதவில் உள்ளங்கையை வைத்தாள். இளஞ்சூடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அன்று பொரிந்த குஞ்சுகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கிவிட்டு ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வண்டி இன்னும் வரவில்லை. கூடம் முழுக்கக் கீச்சுக் கீச்சென்ற சத்தம், பேசினால் காதில் விழாத அளவுக்கு. அவள் செல்போனில் சிஸ்டத்தைத் திறந்தாள்.

ஆயிரக்கணக்கான முட்டைகளின் மூச்சு ஒன்றாய்க் கலந்து நேர்கோடாகத்தான் வரும். மூன்றாம் மெஷினின் கோடு நேராக இல்லை. ஏறியது. நின்றது. மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது.

சாப்பிடப் போகாமல் மெஷின் பக்கம் நின்றிருந்த தம்பியிடம் நேரே போய், சத்தத்தை மீறிக் கத்தினாள். "உள்ள யாரைடா வெச்சிருக்க?"

அவன் முகம் சுண்டிப்போனது. "என்னையா சந்தேகப்படுற?"

"ரிப்போர்ட் பொய் சொல்லுமா?"

"அப்ப நான் சொல்லுவேனா?" சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து உருவினான். "நானே உள்ள போறேன். கோடு எப்படிப் போகுதுன்னு நீயே பாரு. அப்புறமாவது நம்புவியா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். மனசுக்குள் இருந்த சந்தேகம் தடுத்தது. போகட்டும், மாட்டட்டும் என்று நினைத்தாள். அவன் உள்ளே போனான். கதவு சப்பென்று ஒட்டிக்கொண்டது.

திரையில் இரண்டு மூச்சு தெரிந்தது. பெரிய அலை, அதன் முதுகில் சின்ன அலை. சின்னது சீராக இருந்தது. பிறகு வேகமானது. இன்னும் வேகமானது.

"தம்பி."

கைப்பிடியை இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். கதவைத் தட்டினாள். உள்ளே சத்தமே இல்லை.

சின்ன அலை நின்றது.

பெரியது ஒருமுறை ஏறியது. இறங்கியது. பிறகு அதுவும் இல்லை. கோடு தட்டையாகக் கிடந்தது.

கதவு தானாகத் திறந்தது. தம்பி வெளியே வந்தான். சட்டை கசங்கவில்லை. நெற்றியில் ஒரு துளி வேர்வை இல்லை.

"காலிதான்க்கா" என்றான்.

அவள் கையில் இருந்த போன் அடித்தது. ரிப்போர்ட்டு சார்.

"என்னம்மா, மூணாம் மெஷின் இப்ப காலின்னு காட்டுது. உள்ள இருந்தது எங்க போச்சு?"

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூடத்தில் கீச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

தம்பி பெட்டி வரிசைகளுக்கு நடுவே மெல்ல நடந்தான். அவன் நெருங்க நெருங்க, அந்தந்தப் பெட்டியில் இருந்த குஞ்சுகள் அவனுக்கு எதிர்ப்பக்கமாக ஒதுங்கின. ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அடியில் கிடந்தவை நசுங்கின. அப்போதும் ஒரு குஞ்சுகூடச் சத்தம் போடவில்லை. வரிசையின் கடைசிவரை போய், அவன் அவளை நோக்கித் திரும்பி நடந்தான். மஞ்சள் குவியல்கள் எல்லாம், பெட்டி பெட்டியாக, அவனுக்கு வழிவிட்டு அவள் பக்கமாகச் சரிந்துகொண்டே வந்தன.