சோல்நோக் வரைக்கும்

"சார், உங்க பக்கம் பிரேக் கிடையாது!"

வாண்டா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். பஸ் போலந்தின் கிராகோவிலிருந்து கிளம்பி ஸ்லோவாக்கிய மலைகளுக்குள் நுழைந்திருந்தது. முன் சீட்டில் இருந்தவன் ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டு வந்தான்.

அவன் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டான். காது மடல் சிவந்துபோயிற்று.

"மன்னிச்சுக்கோங்க... பழக்கதோஷம். நான் ரயில் ஓட்டுறவன்."

"ஓ... ரயிலா? ஸ்டியரிங்கே இல்லாத வண்டி. தண்டவாளம் போற பக்கம் அதுவா போகும். அதுக்கு எதுக்குங்க டிரைவர்?"

"போற வழியில அது தூங்கிடாம பாத்துக்கத்தான்!"

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ஒரு நொடி அவன் கண்கள் தெரிந்தன. மழை பெய்யலாமா வேண்டாமா என்று மேகம் யோசிக்கும்போது மலைக்கு ஒரு சாம்பல் நிறம் வருமே... அந்த நிறம்.

சட்டென்று பார்வையை விலக்கிக்கொண்டாள். 'ரோட்டைப் பாரு, வாண்டா!'

மலைக் கணவாயில் சாப்பாட்டுக்கு வண்டி நின்றது. மர விடுதி முழுக்கப் பூண்டு சூப் வாசனை. கிண்ணத்தோடு அவள் உட்கார இடம் தேட, அவன் தன் கோட்டை நகர்த்தி இடம் கொடுத்தான். பெயர் சொல்லிக்கொண்டார்கள். அவன் செவரின். தம்பிக்கு ருமேனியாவில், பிராஷோவ் ஊரில் கல்யாணமாம். புடாபெஸ்ட் வரை பஸ். அங்கிருந்து மாலை ரயில்.

"கிராகோவ்லயே ரயில் ஏறியிருக்கலாமே? ரயில்காரருக்கு பஸ் மேல என்ன திடீர்ப் பாசம்?"

அவன் சூப்பைக் கிளறினான். கிளறிக்கொண்டே இருந்தான்.

"பஸ் ஓட்டுறவங்க நல்லா பேசுவாங்கன்னு சொன்னாங்க..."

"பொய்!"

"பொய்தான். ஆனா இப்ப உண்மையாயிடுச்சே."

வண்டியில் திரும்ப ஏறும்போது வாண்டாவின் உதட்டில் ஏதோ பாட்டு முணுமுணுத்தது. ஆறு வருஷமாக இந்தச் சாலையில் ஓட்டுகிறாள். 'பொம்பளையா ஓட்டுறா?' என்று பின்னால் கிசுகிசுக்காத பயணம் ஒன்றுகூட இல்லை. இவன் ஒருத்தன்தான் அப்படிப் பார்க்கவில்லை என்று தோன்றியது...

அந்த நினைப்பு இறக்கம் வரைக்கும்தான் நீடித்தது. ஈரச் சாலை. எதிரே லாரியை முந்திக்கொண்டு ஒரு கார் நேராக வந்தது. அவள் ஏற்கெனவே வேகத்தைக் குறைத்து ஒதுங்கியிருந்தாள். அதற்குள் அவன் எழுந்து நின்று கத்தினான்.

"பிரேக்! பிரேக்கைப் போடு!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கார் விலகிப் போயிற்று. பின் சீட்டில் யாரோ, "நான் அப்பவே நினைச்சேன்... பொம்பளை ஓட்டினா இப்படித்தான்" என்றார்.

வாண்டாவின் கன்னம் பற்றி எரிந்தது.

"உட்காருங்க சார்! எனக்கு வண்டியை நிறுத்தத் தெரியும். உங்க ரயில் மாதிரி எல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு மைல் தள்ளிப்போய் நிக்காது!"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. பையை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டான்.

புடாபெஸ்டில் எல்லோருக்கும் கடைசியாக இறங்கினான். "நீங்க சொன்னது சரிதான்" என்றான் மெதுவாக. அவள் வாய் திறப்பதற்குள் கூட்டத்தில் மறைந்தான்.

டிரைவர்கள் தங்கும் அறையில் வாண்டாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. 'அவன்தானே முதல்ல கத்தினான்? நான் ஏன் இறங்கிப் போகணும்?' என்று பத்துத் தடவை கேட்டுக்கொண்டாள். பதினோராவது தடவை கால்கள் கெலெட்டி ரயில் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

பிராஷோவ் ரயில் நின்றிருந்தது. திறந்த கதவுக்கு எதிரே, நடைமேடை பெஞ்சில் செவரின். பை மடியிலேயே இருந்தது.

"ஏறலையா? கிளம்பப் போகுதே!"

நிமிர்ந்தான். கண்ணில் நீர் தளும்பியது.

"முடியல, வாண்டா. போன டிசம்பர்ல... பனிமூட்டம். கேட் இல்லாத கிராசிங்ல ஒரு டிராக்டர். பிரேக் போட்டேன். முழுசாப் போட்டேன்... ரொம்ப தூரம் தள்ளித்தான் நின்னுச்சு. டிராக்டர் ஓட்டின மனுஷன் பிழைக்கல. அதுக்கப்புறம் ரயில் படியில காலே வைக்க முடியல. தம்பி கல்யாணத்துக்காகவாவது ஏறிடலாம்னு வந்தேன்..."

வாண்டாவுக்கு இப்போது புரிந்தது. எந்த இடத்தில் கத்தியை இறக்கியிருக்கிறாள்!

"எனக்குத் தெரியாது... சத்தியமா தெரியாது. மன்னிச்சிடுங்க."

கார்டு விசில் ஊதினார். அவள் யோசிக்கவில்லை. தாவிப் படியில் ஏறி நின்று கையை நீட்டினாள்.

"சோல்நோக் வரைக்கும் நானும் வரேன். கிட்டத்தாங்க, ஒரு மணி நேரத்துல வந்துடும். வாங்க!"

"டிக்கெட்?"

"இல்ல. பிடிச்சாங்கன்னா நீங்கதான் ரயில்காரர், பேசிச் சமாளிங்க. சீக்கிரம்!"

அந்த நிலையிலும் அவன் சிரித்துவிட்டான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினான்.

ரயில் நகர்ந்தபோது அவன் பிடி இறுகியது. வாண்டா பேசிக்கொண்டே வந்தாள்... தன் பஸ்ஸில் பூனையை ஒளித்துக் கொண்டுவந்த பாதிரியாரைப் பற்றி, பனியில் வண்டி சிக்கியபோது பயணிகள் நடத்திய பிறந்தநாள் விருந்தைப் பற்றி. வெளியே மழை விட்டு, சமவெளி எங்கும் சூரியகாந்தி ஈரமாக மின்னியது. எப்போது அவன் மூச்சு சீரானது என்று அவளுக்கே தெரியவில்லை. கை மட்டும் விலகவில்லை.

சோல்நோக் வந்தது. அவள் எழுந்தாள்.

"இறங்காதீங்க, வாண்டா."

"இன்னும் பயமா இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு. அதைத் தனியாத் தாங்கிக்குவேன்." நேராக அவளைப் பார்த்தான். "துணைக்காகக் கேக்கல. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. அதுக்காகத்தான் கேக்குறேன்."

ஏட்டிக்குப் போட்டி பேசும் அவள் நாக்கு அந்த நேரம் பார்த்துக் கைவிட்டது.

"நான்... நாளைக்குக் காலைல வண்டி எடுக்கணும். தூங்காம ஓட்ட மாட்டேன். இறங்கியே ஆகணும். வெள்ளிக்கிழமை காலைல என் வண்டி மறுபடி புடாபெஸ்ட்ல இருந்து கிளம்பும்."

"வந்துடுவேன். ரயில்ல... தனியா."

தலையாட்டிவிட்டு இறங்கினாள். ரயில் நகர்ந்தது. ஜன்னலில் அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். 'பிடிச்சிருக்குன்னு சொன்னவனுக்குப் புறப்படுற நேரமா சொல்லிட்டு வந்தேன்? அட மண்டு!'

ஓடினாள். பெட்டியோடு பெட்டியாக, மூச்சிரைக்க ஓடினாள்.

"செவரின்! எனக்கும்தான்! எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு!"

அந்த ஹங்கேரி நடைமேடையில் இருந்தவர்களில் ஒருவருக்கும் போலிஷ் தெரியாது. ஆனாலும் எல்லோரும் ஜன்னல்பக்கம் திரும்பி, அவன் என்ன பதில் சொல்லப்போகிறான் என்று காத்திருந்தார்கள்.

அவன் பாதி உடம்பை வெளியே நீட்டி, இரண்டு கைகளையும் விரித்துச் சிரித்தான்.