நூலளவு நீலம்

"ரெண்டு இரும்பை இப்படி நெருக்கிப் பிடிச்சா நடுவுல காத்துகூடப் போகாதில்ல, இன்ஜினியரம்மா?" என்று முன்பொரு நாள் கணவன் கேட்டான். கண்ணுக்குத்தான் வழவழப்பு, உள்ளே மேடும் பள்ளமும்தான். மேடுகள் மட்டும் தொடும், மீதியெல்லாம் இடுக்கு என்றாள் அவள்.

"அப்போ நம்ம ரெண்டு பேர் மாதிரின்னு சொல்லு."

சிரித்துவிட்டாள். அவன் பார்க்கும் அந்த விஷவாயு ஆலை வேலையை விடச் சொல்ல அன்றும் வாய் வரை வந்தது. ரோஷக்காரன், முகம் சுண்டிப்போவான் என்று வழக்கம்போல விழுங்கிக்கொண்டாள்.

இன்று சாயங்காலம், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தவளுக்குத் திரையில் ஏதோ உறுத்தியது. அவன் ஆலைக்காக அவள் சோதித்த வால்வின் உலோக முகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்கள் வெள்ளைத் திட்டுகளாகவும், வாயு நீலமாகவும் தெரியும் கணிப்பு அது. போன வாரம் நீலம் உள்ளேயே அடங்கி நின்றது. கசிவு இல்லையென்று அவள் எழுதிக் கொடுக்க, வால்வை அவன் வேலை பார்க்கும் அறையிலேயே பொருத்திவிட்டார்கள். இன்றோ நூலளவு நீலம் திட்டுகளைச் சுற்றி, வளைந்து, தயங்கி, யாரிடமோ வழி கேட்டதுபோல் மறுபடி நகர்ந்து, வெளி விளிம்பைத் தொட்டது.

போன வாரம், வால்வின் முகத்தை அளவெடுத்த கருவியின் பதிவில் மெல்லிய கோடு ஒன்று இருந்தது. தூசி என்று நினைத்து அழித்துவிட்டுத்தான் கணக்குப் போட்டாள். இன்று ஒரு சந்தேகத்தில் அதை அழிக்காமல் மறுபடி கணக்குப் போட்டிருந்தாள்.

தூசியில்லை. கீறல்.

ஆலையில் இருந்த அவனுக்குப் போன் போட்டாள். எடுத்தான். ஏன் குரல் குழறுகிறது என்று கேட்டதற்கு, கண்ணைச் சொருகுது, அறையெல்லாம் அழுகின பழ வாசனை என்று சிரித்தான். வெளியே ஓடச் சொல்வதற்குள் போன் தரையில் விழுந்த சத்தம். அப்புறம், பல்லிடுக்கில் மூச்சு விடுவதுபோல, மெல்லிய, இடைவிடாத சீறல்.

கூப்பிட்டாள். சீறல்.

மறுபடி கூப்பிட்டாள். சீறல் மட்டும்.

"அந்த வேலை வேணாங்க." இத்தனை வருஷம் தொண்டையில் கிடந்தது உடைந்து வந்தது. "விட்டுட்டு வீட்டுக்கு வந்துடுங்க."

போனில் சீறல் நின்றது.

வாசலில் தொடங்கியது.

பூட்டு அசையவில்லை. கதவு திறக்கவில்லை. கதவுக்கும் தரைக்கும் நடுவே, காகிதமாய் நசுங்கிய ஐந்து விரல்கள், ஒன்றில் அவள் போட்டுவிட்ட மோதிரம் தகடாய்த் தட்டையாகி, இடுக்கைத் தடவித் தடவி உள்ளே வந்துகொண்டிருந்தன.