உடையாத கைப்பிடி

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி வீடு வந்து சேர்ந்தது. கரும்பச்சை நிறம், இரண்டே கதவு, தரையை முத்தமிடுகிற உயரம், இருபத்தாறு வயது. சத்தம் மட்டும் இளவட்டம்.

ஓட்டி வந்தவர் பல்செட்காரர். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, வீட்டின் பின்கட்டுப் பட்டறையில் உட்கார்ந்து பல் செய்து கொடுப்பது அவர் தொழில். "நான் ஊத்துன பல்லு, ஆள் போனாலும் போகாது" என்று பெருமையடித்துக்கொள்வார். அதில் பொய்யும் இல்லை.

மனைவி வாசலில் நின்று வண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுல உட்காரணுமா, படுக்கணுமா?"

"ஏறிப் பாரு மகாராணி, அப்புறம் பேசு."

ஏறினாள். ஊருக்கு வெளியே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார்கள். போகும்போது கண்ணை மூடிக்கொண்டவள் வரும்போது சிரித்தாள். அதைப் பார்த்துப் பல்செட்காரருக்கு மனசு நிறைந்துவிட்டது. இன்னும் ஏழு வாரத்தில் அவர்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம். அன்றைக்கு இவளைப் பக்கத்தில் உட்கார வைத்து மலைப்பாதையில் ஏற வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வண்டியே.

கொட்டகையில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார். இறங்கினார். பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"என்னங்க. இது திறக்கல."

அவள் கை கதவின் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தது. கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மொட்டைக் குச்சி. அவ்வளவுதான். அவர் சுற்றி ஓடிவந்து வெளியிலிருந்து திறப்பதற்குள் அவள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. கொட்டகைப் படியில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினாள்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். தெரிந்த விஷயம்தானே! எட்டு வயதில் அவள் பள்ளிக்கூடத்து சாமான் அறையில் மாட்டிக்கொண்டவள். தாழ்ப்பாள் இறுகிப்போய் ஒரு மத்தியானம் முழுக்க, ஒரு ராத்திரி முழுக்க. அன்றிலிருந்து எந்தக் கதவையும் உள்ளே தாழ் போடமாட்டாள். குளியலறைக் கதவும் சும்மா சாத்தித்தான் இருக்கும். உள்ளேயிருந்து சுவரில் தட்டுவாள். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. வீட்டில் எங்கே இருந்தாலும் அவர் அதே மாதிரி பதில் தட்ட வேண்டும். வந்த விருந்தாளிகள் இரண்டு பேருக்கும் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு போனதுண்டு. இருபது வருஷத்தில் அவர் ஒரு தட்டுக்கும் பதில் தட்டாமல் இருந்ததில்லை.

"அந்தக் கதவு உள்ளேருந்து திறக்குற அன்னைக்குச் சொல்லுங்க, வரேன். அதுவரைக்கும் நீங்களே தனியா ஊர்கோலம் போங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

வண்டியை விற்ற பெரியவர் சாவியோடு ஒரு பிஸ்கட் டப்பாவும் கொடுத்திருந்தார். "இதுவும் வண்டியோட சேர்ந்தது" என்று மட்டும் சொன்னார். பல்செட்காரர் இப்போதுதான் அதைத் திறந்தார். உள்ளே பதினொரு கைப்பிடிகள். எல்லாமே இடது கதவின் உள் கைப்பிடி. எல்லாமே ஒரே இடத்தில், கழுத்தில், முறிந்திருந்தன.

பழைய வண்டி வாங்கியவனுக்கு ஓய்வு ஏது? க்ளட்ச் பிளேட்டுக்குக் காயலான் கடை காயலான் கடையாக அலைந்தார். வைப்பர் மோட்டார் ஒரு பால் வேனிலிருந்து கிடைத்தது. சல்லடை போட்டுத் தேடியும் கிடைக்காதது அந்தக் கைப்பிடிதான். கடைசியில் பழைய பாகங்கள் விற்கும் ஒரு அக்காவின் நம்பர் கிடைத்தது. போனில் எப்போதும் எதையாவது மென்றுகொண்டே பேசுகிற அக்கா.

"இடது கதவு உள் கைப்பிடி இருக்குங்களாக்கா?"

மெல்லுவது நின்றது.

"பச்சை வண்டியா?"

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அதைக் கேக்குறது ஒரே ஒரு வண்டிதான் தம்பி. பெரியவருக்குன்னே எடுத்து வெப்பேன். ஒருதடவை ஒரிஜினல் ஸ்டீல் வந்துச்சு, எடுத்துக்கோங்க, ஆயுசுக்கும் வரும்னேன். வேணவே வேணாம்மா, இருக்குறதுலயே மட்டமானதா குடுன்னாரு. நல்லதை வேணாங்கிற ஆளை அன்னைக்குத்தான் பார்த்தேன்."

"அந்த ஸ்டீல் இப்ப இருக்கா?"

"அது போயி நாலு வருஷமாச்சு. மட்டம்தான் இருக்கு. ரெண்டு அனுப்பட்டா?"

கிழவருக்குக் கஞ்சத்தனம் என்று பல்செட்காரர் முடிவுகட்டினார்.

வந்த இரண்டில் ஒன்றைத் திங்கட்கிழமை மாட்டினார். புதன்கிழமை பார்த்தால் முறிந்து கிடந்தது. வண்டி பூட்டியபடி இருந்தது, சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

துண்டைப் பட்டறைக்கு எடுத்துப் போய் லென்ஸில் பார்த்தார். பல் கடித்து உடைந்ததா, விழுந்து உடைந்ததா என்று உடைசலைப் பார்த்தே சொல்லக்கூடியவர் அவர். இது ஒரே இழுப்பில் உடைந்ததில்லை. இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு, நூற்றுக்கணக்கான இழுப்பில் உலோகம் சலித்துப்போய் உடைந்தது. உள்பக்கத்தில் நாலு மெல்லிய கீறல்கள், பக்கம் பக்கமாக. டப்பாவிலிருந்த பதினொன்றையும் எடுத்துப் பார்த்தார். பதினொன்றிலும் நாலு கீறல்.

மோதிரம் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். சமாதானம் தேடுகிறவனுக்குச் சமாதானமா கிடைக்காது?

இரண்டாவதை மாட்டிய மறுநாள் மத்தியானம், வண்டிக்கடியில் படுத்து ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார்.

டக்.

மேலேயிருந்து வந்தது.

டக். டக்.

மனைவிதான் வந்து கதவைச் சோதித்துப் பார்க்கிறாள் என்று நினைத்தார். "மெதுவா இழு, அது மட்டம்" என்றார். தலையைத் திருப்பி வண்டிக்கடியிலிருந்து பார்த்தார்.

நாலு பக்கமும் தரை தெரிந்தது. ஒரு கால்கூட இல்லை.

டக்-டக்-டக்-டக்-டக்.

படக்கென்று ஏதோ முறிந்தது. அப்புறம் எதுவுமில்லை.

எழுந்து கதவைத் திறந்தார். கைப்பிடித் துண்டு சீட்டில் கிடந்தது. சேற்றுத் தண்ணீர் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. சீட்டில் கை வைத்தார். மெத்தைக்குள்ளிருந்து தண்ணீர் ஊறி விரலிடுக்கில் ஏறியது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வாசல் படியில் மனைவி நின்றுகொண்டிருந்தாள், "என்ன சத்தம்?" என்று கேட்டுக்கொண்டு. அவளிடம் என்ன சொல்வது? இந்தக் கதவைச் சரிசெய்தால்தான் அவள் ஏறுவாள். கல்யாண நாளுக்கு வாரம் மூன்றுதான் பாக்கி.

"கதவு ரப்பர் ஒழுகுது, மட்டமான கைப்பிடி உடைஞ்சுபோச்சு" என்றார். "நானே ஒண்ணு ஊத்துறேன்."

அவர் செய்த தப்பு அதுதான்.

ஒரு வாரம் டாக்டர்களின் வேலையை ஒதுக்கி வைத்தார். மெழுகில் கைப்பிடி செதுக்கினார். அவளைக் கூப்பிட்டு விரல் அளவு பார்த்தார். அதை அச்சு மாவுக்குள் புதைத்து, சூளையில் மெழுகை உருக்கி எடுத்து, பல் பிளேட்டுக்கு ஊற்றுகிற குரோம் உலோகத்தை அந்தப் பள்ளத்தில் ஊற்றினார். நாற்பது வருஷம் மென்றாலும் தேயாத உலோகம் அது. மெருகு போட்டதும் பளபளத்தது. பட்டறை வைஸில் இறுக்கிப் பிடித்து உடம்பின் பலமெல்லாம் போட்டு வளைத்துப் பார்த்தார். மயிரிழைகூட அசையவில்லை.

மாட்டினார். மனைவி வெளியே நின்றபடி ஜன்னல் வழியாகக் கை விட்டு இழுத்துப் பார்த்தாள். பத்து தடவை இழுத்தாள், பத்து தடவையும் திறந்தது.

"உங்க பல்லு மாதிரியே இளிக்குது" என்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கோர்த்துக்கொண்டது. "எனக்காகவா இவ்ளோ பண்ணீங்க?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரருக்கா?"

"நாளைக்கு ஏறுறேன்" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணி. கதவு ரப்பர் எங்கே கிடைக்கும் என்று கேட்கத்தான் பல்செட்காரர் பெரியவருக்குப் போன் போட்டார். விலாசத்தைச் சொல்லிவிட்டுப் பெரியவர் கேட்டார்.

"இடது கைப்பிடி போட்டீங்களா?"

"போட்டாச்சுங்க. அந்த மட்டமெல்லாம் இனி வேணாம். நானே ஊத்திட்டேன். யானை இழுத்தாலும் உடையாது."



"கழட்டிடுங்க" என்றார் பெரியவர்.

"ஏங்க?"

"உடையணும்னுதாங்க அந்த மட்டத்தைப் போட்டேன்." குரல் இறங்கிவிட்டது. "வண்டி வாய்க்காலுக்குள்ள போச்சு. நான் என் பக்கம் திறந்து வந்துட்டேன். அவ பக்கம் கைப்பிடி உடைஞ்சு போச்சு. என் சம்சாரம். இன்னும் இழுத்துட்டுதான் இருக்கா. மட்டமானதைப் போட்டா கொஞ்ச நாள்ல உடையும். உடைஞ்சிட்டா கொஞ்ச காலம் சும்மா இருப்பா. அப்புறம் கதவையே பிறாண்டுவா, மறுபடி ஒண்ணு போடுவேன்."

பல்செட்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"காலியா இருக்கும்போது திறந்தா ஒண்ணுமில்ல. உள்ள ஆள் உட்கார்ந்து, அந்தக் கைப்பிடியை இழுத்துத் திறக்கக் கூடாது. அவளும் கூடவே இழுப்பா." பெரியவர் அழுதுகொண்டிருந்தார். "ஒருத்தர்தான் இறங்க முடியும்."

"இதை ஏன்யா முதல்லயே சொல்லல?"

"சொன்னா வாங்கியிருப்பீங்களா?"

கொட்டகையில் வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

போனை எறிந்துவிட்டு ஓடினார். அடுக்களையில் அவள் இல்லை. பின்கட்டில் இல்லை. அவரிடம் சொல்லாமல், பயத்தைத் தனியாக ஜெயித்துவிட்டு வந்து காட்டலாம் என்று போயிருக்கிறாள் பைத்தியக்காரி! "இழுக்காத! இழுக்காத!" என்று கத்திக்கொண்டே கொட்டகைக்குள் நுழைந்தார்.

அவள் வண்டிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

"திறந்துடுச்சுங்க" என்றாள்.

அப்படியே கட்டிக்கொண்டார். உடம்பு சில்லென்றிருந்தது. தலைமுடி நுனியெல்லாம் ஈரம். பயத்தில் வேர்த்திருக்கும், வேறென்ன? ஆள் முழுசாக நிற்கிறாள், போதும். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்ததும் அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"உள்ள போலாம் வா."

கூடத்துக்கு வந்ததும் அவள் நின்றாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள்.

"நல்ல காத்து" என்றாள்.

ஃபேன் ஓடவில்லை. ஜன்னல்களும் சாத்தியிருந்தன.

கை கழுவ வேண்டும் என்று குளியலறைக்குப் போனாள். அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். சுவரில் தட்டுவாள் என்று பழக்கத்தில் கையைத் தயாராக வைத்திருந்தார்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

இருபது வருஷத்தில் அந்த வீட்டில் அவர் கேட்டறியாத சத்தம்.

எழுந்து போய்ச் சுவரில் தட்டினார். இரண்டு. ஒரு இடைவெளி. ஒன்று. உள்ளே குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மறுபடி தட்டினார். தண்ணீர் நின்றது.

"யாருங்க தட்டுறது?" என்று உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

அவர் பின்னால் நகர்ந்தார். அப்போதுதான் கொட்டகைப் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. தகரத்தில் விரல் மடக்கித் தட்டுகிற சத்தம்.

இரண்டு.

ஒன்று.

எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. வண்டியின் இடது கதவைப் பிடுங்கித் திறந்தார். சீட்டில் யாருமில்லை. திறந்த கதவில் அவர் ஊற்றிய கைப்பிடி இழுபட்டது, விடுபட்டது, இழுபட்டது.

டக். டக். டக்.

"கதவு திறந்துதான் இருக்கு" என்றார். "வெளிய வா. நான்தான். வந்துடும்மா."

கைப்பிடி நிற்கவில்லை. கதவு திறந்திருப்பது உள்ளே இருக்கிறவளுக்குத் தெரியவில்லை. அவர் கைப்பிடியைப் பற்றிப் பிடுங்கினார். காலை ஊன்றிப் பிடுங்கினார். சுத்தியலை எடுத்து ஓங்கி ஓங்கி அடித்தார். வண்டிதான் குலுங்கியது. சுத்தியல் பட்ட இடத்தில் ஒரு தழும்புகூட விழவில்லை. நாலு விரல் பதிகிற இடத்தில் மட்டும் மெல்லிய கீறல்கள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்திருந்தன.

சுத்தியலைப் போட்டுவிட்டு வண்டியின் கூரையில் தட்டினார். இரண்டு. ஒன்று.

கைப்பிடி நின்றது.

பிறகு கூரையின் உள்பக்கத்திலிருந்து, அவர் உள்ளங்கைக்கு நேராக, பதில் வந்தது. நிறுத்தாமல் வந்தது, அவசர அவசரமாக. அவர் அங்கேயே மண்டியிட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் அழுதுகொண்டே பதில் தட்டினார்.

அவருக்குப் பின்னால், வீட்டின் பின்கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.