சிவப்புக் கூடையில் ஒரு மதர்போர்டு

மிளகு ஆறரைக்கு எழுந்தாள். பல் தேய்த்தாள். படுக்கையை மடித்தாள். அப்பா பால் காய்ச்சினார். இரண்டு டம்ளரில் ஊற்றினார். அம்மா இறந்ததிலிருந்து இரண்டு டம்ளர்தான். குடித்தார்கள். கழுவிக் கவிழ்த்தார்கள். எட்டரை மணிக்கு அப்பா முன்னறைக் கதவைத் திறந்து கடையின் பெயர்ப்பலகையை வெளியே மாட்டினார்.

முன்னறைதான் கடை. பழுதான கம்ப்யூட்டர்கள் அங்கே வரும். அப்பா பிரித்துப் பார்ப்பார். நல்ல பாகங்கள் பச்சைக் கூடைக்குப் போகும். செத்தவை சிவப்புக் கூடைக்குப் போகும். சனிக்கிழமை மதியம் பழைய சாமான் வண்டிக்காரர் வந்து சிவப்புக் கூடையை அள்ளிக்கொண்டு போவார்.

மிளகுக்குப் பத்து வயது. ஆள் சிறியவள், வாய் காரம். அதனால் அந்தப் பெயர். சனிக்கிழமைகளில் நோட்டில் எழுதுவது அவள் வேலை. ஒவ்வொரு மதர்போர்டிலும் என்னென்ன அச்சடித்திருக்கிறதோ அத்தனையையும் எழுத வேண்டும். அப்பா நான்கு வரி போதும் என்பார். மிளகு ஒரு பக்கம் எழுதுவாள்.

அன்று சனிக்கிழமை. பதினொரு மணிக்கு மாடி வீட்டு அக்கா வந்தாள். கையில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. முகம் அழுது வீங்கியிருந்தது.

"அண்ணா, எழுந்திருக்கவே மாட்டேங்குது."

"நேத்து வரைக்கும் ஓடுச்சா?"

"நல்லா ஓடுச்சு. ஆனா ரொம்ப மெதுவா. அதான் புது புராசசர் வாங்கி மாத்தினேன். அதுலேருந்து திரை இருட்டு."

அக்கா கல்லூரியில் பொம்மைப் படம் வரையப் படிக்கிறாள். ஒன்றரை மாதமாக ஒரு சிங்கத்தைக் கொட்டாவி விட வைத்துக்கொண்டிருந்தாள். மொத்தம் மூன்று நிமிடப் படம். எல்லாம் வரைந்தாயிற்று. கம்ப்யூட்டர் அத்தனை படங்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தர வேண்டும். அது மட்டும்தான் பாக்கி.

"திங்கக்கிழமை காலையில குடுக்கணும். பழைய புராசசர்ல மூணு நாள் ஆகும். புதுசுல அரை நாள்தான். குடுக்கலன்னா இந்த வருஷமே போச்சு."

அப்பா பெட்டியைத் திறந்தார். உள்ளே பெரிய கறுப்பு அட்டை இருந்தது. அதுதான் மதர்போர்டு. நடுவில் புராசசர், ஓரத்தில் சிப்செட்.

"சிப்செட்னா என்னப்பா?" என்று போன மாதம் மிளகு கேட்டிருந்தாள்.

"போர்டுல யாரு யாரோட பேசணும்னு பாத்துக்கிற சில்லு."

"கிளாஸ் லீடர் மாதிரியா?"

"பேர் எழுதிக் குடுக்காத லீடர்."

இப்போது அப்பா சிப்செட்டின் பெயரைப் படித்தார். "இது இந்தப் புராசசருக்கு ஏத்த சிப்செட்தான்" என்றார். மேசையில் இன்னொரு பெட்டி தயாராக இருந்தது. பல் டாக்டருடையது. தூசி தட்டக் கொடுத்திருந்தார். அதிலும் இதே வகை மதர்போர்டு. அப்பா அக்காவின் புதுப் புராசசரை எடுத்து அதில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் திரை எரிந்தது.

"புராசசர் நல்லா இருக்கு. சிப்செட் பொருந்துது. அப்போ போர்டுதான் போச்சு."

"பழசை இதுல வச்சுப் பாக்கலாமா?" என்று மிளகு கேட்டாள்.

"பழசு எங்கம்மா?" என்று அப்பா அக்காவிடம் கேட்டார்.

"தூக்கிப் போட்டுட்டேன்."

அதற்குள் பல் டாக்டரின் உதவியாளர் வந்துவிட்டார். வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா அவசரமாக அக்காவின் புராசசரை வெளியே எடுத்து, பெட்டியைப் பழையபடி சரிசெய்து மூடிக் கொடுத்தனுப்பினார். அக்காவின் மதர்போர்டைக் கழற்றிச் சிவப்புக் கூடையில் வைத்தார். அந்த வாரம் அதில் விழுந்தது அது ஒன்றுதான்.

முன்பெல்லாம் அவர் ஒன்றை மூன்று முறை சோதிப்பார். இந்த ஒரு வருடமாக ஒரே முறைதான்.

அக்கா முக்காலியில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிளகு சிவப்புக் கூடையிலிருந்து அந்த மதர்போர்டை எடுத்தாள். நோட்டில் எழுத வேண்டுமே. கம்பெனிப் பெயர். சிப்செட் எண். ஒரு குட்டிச் சில்லின் மேல் வெள்ளை ஸ்டிக்கர். அதில் எறும்பு அளவில் ஓர் எண். கண்ணை இடுக்கிப் படித்தாள். பன்னிரண்டு.

மணி பன்னிரண்டாகியிருந்தது. பழைய சாமான் வண்டிக்காரர் உள்ளே வந்தார்.

"என்ன பாப்பா, செத்ததுக்குப் போய் ரேகை பாக்குறே?"

"இருங்க மாமா, எழுதி முடிக்கல."

"நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தாடி நரைச்சிடும்."

"ஏற்கெனவே நரைச்சுதான் இருக்கு."

அப்பாவின் உதடு லேசாகக் கோணியது. வண்டிக்காரர் சத்தமாகச் சிரித்தார்.

மிளகு நோட்டில் முந்தைய பக்கத்தைப் புரட்டினாள். அது பல் டாக்டரின் போர்டு. காலையில் எழுதியது. கம்பெனி அதேதான். சிப்செட் அதேதான். எல்லா வரிகளும் அதேதான். வெள்ளை ஸ்டிக்கர் மட்டும் வேறு.

"அப்பா."

"ம்."

"ரெண்டும் ஒரே போர்டு. ஆனா அதுல நாப்பது, இதுல பன்னெண்டு. ஏன்?"

ஸ்க்ரூடிரைவரை எடுக்கப் போன அப்பாவின் கை நின்றது.

"எங்க, காட்டு."

அவர் போர்டை விளக்கின் கீழே பிடித்தார். பிறகு கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்தார். அதில் எந்தப் புராசசர் எந்த எண்ணிலிருந்து வேலை செய்யும் என்று நீளமான பட்டியல் இருந்தது. அக்காவின் புராசசருக்கு நேரே முப்பத்தொன்று என்று போட்டிருந்தது.

அப்பா நாற்காலியில் சாய்ந்தார்.

"போர்டு சாகலம்மா. இந்த எண் அதுக்குள்ள இருக்கிற புரோகிராமோடது. அது பழசு. புராசசர் அதுக்கு அப்புறம் வந்தது. யாரோ தெரியாத ஆள் வந்து உக்காந்திருக்கான்னு சும்மா இருந்திருக்கு."

அக்கா எழுந்து நின்றாள். "சரி பண்ண முடியுமா?"

"பண்ணலாம். புது புரோகிராமை ஏத்தணும். அதுக்கு முதல்ல போர்டு எழுந்திருக்கணும். எழுந்திருக்க, அதுக்குத் தெரிஞ்ச பழைய புராசசர் வேணும்."

அக்கா மறுபடி உட்கார்ந்தாள்.

"எந்தக் குப்பைத் தொட்டியில போட்டீங்க?" என்று மிளகு கேட்டாள்.

"தொட்டியில போடல. தம்பிகிட்ட தூக்கிப் போட்டேன். விளையாடக் கேட்டான்."

மிளகு மாடிக்கு ஓடினாள்.

அக்காவின் தம்பிக்கு நான்கு வயது. பட்டப்பெயர் உருளை. அவன் தரையில் உட்கார்ந்து தன் பொம்மைக் குதிரைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான். சீப்பு, சதுரமாகப் பளபளத்தது. அடியில் நூற்றுக்கணக்கான குட்டிக் கால்கள்.

"உருளை, அதைக் குடுடா."

"முடியாது. குதிரைக்குச் சிக்கு."

மிளகு பிடுங்கவில்லை. பிடுங்கினால் அவன் கத்துவான், கால்கள் இன்னும் வளையும். கீழே போய் ஓர் உடைந்த கீபோர்டைக் கொண்டு வந்தாள். ஒரு பொத்தானைப் பிய்த்துக் காட்டினாள். டக்கென்று வந்தது.

"இதுல நூத்துக்கு மேல இருக்கு. எல்லாத்தையும் பிய்க்கலாம். யாரும் திட்ட மாட்டாங்க."

உருளை யோசித்தான். "அம்மாகூடவா?"

"அம்மாகூட."

சீப்பு கைமாறியது.

கடையில் அப்பா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்கள். மூலையில் நான்கு வளைந்திருந்தன. ஒன்றில் குதிரை முடி சுற்றியிருந்தது.

"சாமணத்தால இடுக்கிப் பிடிச்சா ஒடிஞ்சிடும். கால் ஒடிஞ்சா அவ்வளவுதான்."

"அப்பா, லெட் பென்சில்?"

"எதுக்கு?"

மிளகு தன் அழுத்தும் பென்சிலிலிருந்து, லெட் என்கிற கரிக்குச்சியை எடுத்துவிட்டு நுனியைக் காட்டினாள். மெல்லிய குழாய். "இதுக்குள்ள கால் நுழையும்ல? அப்படியே நிமித்தலாம்."

அப்பா தன் தடித்த விரல்களைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை அவள் பக்கம் நகர்த்தினார். "நீயே பண்ணு. மெதுவா."

முதல் கால் நிமிர்ந்தது. இரண்டாவது நிமிர்ந்தது. வண்டிக்காரர் கிளம்பவில்லை. காலிச் சிவப்புக் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது காலுக்கு எல்லோரும் மூச்சை அடக்கினார்கள். நான்காவது கொஞ்சம் அடம் பிடித்தது. மிளகு நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு நிமிர்த்தினாள்.

அப்பா பழைய புராசசரை வைத்தார். பொத்தானை அழுத்தினார். மின்விசிறி சுற்றியது. திரை எரிந்தது.

"ஐயோ, உயிரோட இருக்கு!" என்றார் வண்டிக்காரர்.

"இனிமேதான் ஆபத்து" என்றார் அப்பா. "புரோகிராம் ஏறும்போது கரண்ட் போனா, அப்போ நிஜமாவே செத்துடும்."

அவர் பென் டிரைவைச் செருகினார். திரையில் ஒரு கோடு நகர ஆரம்பித்தது. சரியாக அந்த நேரத்தில் உருளை படியிறங்கி வந்தான். சுவரில் சுவிட்சைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"டேய்!" என்று நான்கு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

வண்டிக்காரர் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். கோடு மெதுவாக நகர்ந்தது. பாதி. முக்கால். நூறு.

அப்பா கம்ப்யூட்டரை நிறுத்தினார். பழையதை எடுத்தார். புதுப் புராசசரை வைத்தார். பொத்தானை அழுத்தினார்.

திரை இருட்டாகவே இருந்தது.

அக்கா மிளகின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் விரல் பொத்தானை நோக்கிப் போனது.

"அணைக்காதீங்கப்பா. புது ஆளு. கொஞ்சம் நேரம் குடுங்க."

அப்பா விரலை எடுத்துக்கொண்டார். மிளகு எண்ணினாள். பத்து. இருபது. நாற்பது. ஐம்பத்து மூன்றில் திரை எரிந்தது. புதுப் புராசசரின் பெயர் பெரிதாக வந்தது.

அக்கா சிரித்தாள், அழுதாள், பிறகு எது முதலில் என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவசரப்பட்டுட்டேன்மா" என்றார் அக்காவிடம். "இனிமே பழையபடி மூணு தடவை."

"அப்போ என் கூடை காலியா?" என்றார் வண்டிக்காரர். காலிக் கூடையைக் காட்டிக் கோபப்படப் பார்த்தார். முடியவில்லை.

மறுநாள் மதியத்துக்குள் சிங்கம் கொட்டாவி விட்டு முடித்தது.

அக்கா இந்தக் கதையை இன்றும் எல்லோரிடமும் சொல்கிறாள். அவள் சொல்லும்போது, திரை எரிந்ததும் மிளகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்ல!" என்பாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. அப்போது மணி மூன்று. மிளகு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, உண்மையில் சொன்னது இதுதான்:

"எனக்கு ரொம்ப நேரமா பசிக்குதுப்பா. சொன்னா நீங்க பாதியில நிறுத்திடுவீங்களேன்னுதான் சொல்லல."